ஓரத்தில் எழுதிய நேரம்

அந்தத் திங்கட்கிழமை காலையில் மழை பெய்ததா என்று கேட்டால் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. பெய்தது என்றார் லிஃப்ட்காரர். வெயிலில் கண் கூசியது என்றாள் அவருடைய மனைவி. இருவரும் ஒரே ஜன்னலருகே நின்றவர்கள். யார் முதலில் பேசியது, யார் கதவைச் சாத்தியது என்பதிலும் குழப்பம் உண்டு. நேரங்கள் மட்டும் சரி. அவற்றை எழுதி வைத்தவளைப் பற்றியதுதான் இந்த வாரம்.

சென்ற வாரம் மருந்தாலையில் நாலாவது பேட்ச் மருந்து கெட்டுப்போனதோடு நிறுத்தினோம்.

லிஃப்ட்காரரின் மனைவியான இந்த வீட்டு மருமகளை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். ஜலதோஷத்துக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம், தான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவள் ஓய்ந்துவிட்டாள். ஒரு வைரஸை எடுத்து, அதன் நோயை உருவி எறிந்துவிட்டு, மிஞ்சும் ஓட்டுக்குள் ஒரு நல்ல மரபணுவை வைத்து அனுப்புவது அவள் வேலை. பிறவியிலிருந்தே பார்வை மங்கிக்கொண்டு போகும் ஒரு நோய்க்கான மருந்து அது. இரண்டு லிட்டர் குடுவையில் கைவந்த பக்குவத்தை இருநூறு லிட்டர் தொட்டியில் வரவழைக்கப் பதினோரு வருஷம் ஆயிற்று.

அந்தத் தொட்டியைப் போன வருஷம் வரை இயக்கியவர் அவளுடைய மாமனார். முதல் மூன்று பேட்ச் அவர் கையில் தேறின. அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு வந்தவள் அவருடைய மகள், டாக்டரம்மாவின் நாத்தனார். எதையும் மணி பார்த்துச் செய்கிறவள் என்பதால் வீட்டிலும் ஆலையிலும் அவள் பெயர் கடிகாரம். அவளுடைய முதல் பேட்ச் ஊற்றிக்கொண்டது. பத்து ஓட்டில் எட்டு காலி.

அண்ணியும் நாத்தனாரும் எட்டு மாதமாகப் பேசுவதில்லை. பயிற்சியின் முதல் நாள், ஏதோ கேள்வி கேட்டவளைப் பார்த்து, "யோசிக்கிறது உன் வேலை இல்ல, எழுதியிருக்கிறதைச் செய்" என்று எல்லோர் முன்னாலும் அண்ணி சொல்லிவிட்டாள். அன்று மூடிய வாய்.

அந்தத் திங்கட்கிழமை காலை சமையலறையில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் மூன்றாமவர் வழியாகத்தான் பேசினார்கள்.

"உங்க தங்கச்சி சாப்பிடாம போறா. டப்பாவை எடுத்துக்கச் சொல்லுங்க" என்றாள் அண்ணி, ஒன்றரை அடி தள்ளி நின்றவளைப் பற்றி.

"பசிக்கலன்னு சொல்லு அண்ணா."

"பசிக்கலையாம்" என்றார் லிஃப்ட்காரர். "நாள் பூரா லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்களை வெளியே எடுக்கறேன். வீட்டுக்கு வந்தா நானே ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. கூடத்தில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காதுக் கருவி சட்டைப் பையில் இருந்தது. வீட்டில் பேச்சு முறுக்கிக்கொள்ளும் போலத் தெரிந்தால் அது காதிலிருந்து பைக்கு இறங்கிவிடும்.

கடிகாரம் வாசலில் செருப்பை மாட்டினாள்.

"இன்னிக்கு நாலு மணிக்கு என்னைப் பத்தி மீட்டிங் அண்ணா. வேலை போனா சீக்கிரமே வந்துடுவேன். நான் சாவி எடுத்துட்டுப் போகல, சொல்லிடு."

யாரிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.

ஆலையில், பிரிவுத் தலைவரின் அறையில் தாள் தயாராக இருந்தது. ஒரே பக்கம். இரண்டு கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. மூன்றாவதற்கு இடம் விட்டிருந்தார்கள்.

டாக்டரம்மா நின்றுகொண்டே படித்தாள். காரணம்: ஆபரேட்டரின் கவனக்குறைவு, கலவையைத் தாமதமாகச் செலுத்தியிருக்கலாம். மேலும், பதிவேட்டில் அனுமதியின்றிக் குறிப்பு எழுதியது. நடவடிக்கை: பணிநீக்கம்.

"'இருக்கலாம்'னா என்ன சார்?"

"எல்லாத்தையும் நிரூபிச்சுக்கிட்டா இருக்க முடியும்? மூணு பேட்ச் நல்லா வந்துச்சு. அதே தொட்டி, அதே பம்ப். மாறினது ஆள் மட்டும்தான்."

"அந்த ஆள் என் நாத்தனார்."

"தெரியும். அதனாலதான் உங்க கையெழுத்துக்கு மதிப்பு." அவர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. "ஆள் தப்புன்னா அடுத்த மாசமே அஞ்சாவது பேட்ச். ப்ராசஸ் தப்புன்னா எல்லாம் முதல்ல இருந்து. உங்க பதினோரு வருஷத்தை வேற யாராவது முடிச்சு வைப்பாங்க. நாலு மணிக்குள்ள கொடுங்க டாக்டர்."

கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தன் அறைக்கு வந்து, பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள். பேசாத ஒருத்தியை விட்டுக்கொடுப்பது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். எட்டு மாதமாகப் பேசாத அந்தக் குரல்தான் காதில் நின்றது. சாவி எடுத்துட்டுப் போகல.

பிறகு எழுந்து போய்ப் பதிவேட்டைக் கேட்டாள். அந்த அனுமதியில்லாத குறிப்பு என்னவென்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

முப்பத்தொன்றாம் பக்கம். கட்டங்களும் கையெழுத்துகளும். கலவை தயார்: 9.54. பத்து நிமிஷம் வைக்கப்பட்டதா: ஆம். பம்ப் போட்டது: 10.04. வேகம்: நிமிஷத்துக்கு இருநூற்றைம்பது மில்லி. ஒவ்வொரு எழுத்தும் அவளே எழுதிய செய்முறையின்படி. அடுத்த கட்டம் தொட்டியின் வெப்பநிலை.

பக்கத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில்: "பம்ப் நின்றது 10.45." கீழே சின்னக் கையொப்பம். அதைச் சுற்றித் தரப் பிரிவு அதிகாரியின் சிவப்பு வட்டம்.

டாக்டரம்மா அந்த வட்டத்துக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மரபணுவையும் அதைச் சுமந்து போகும் திரவத்தையும் கலந்தால், இரண்டும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத குருணைகளாகத் திரளும். பத்து நிமிஷத்தில் பதம். அப்போது செல்கள் அதை விழுங்கும், ஓடுகளை நிரப்பும். விட்டுவிட்டால் குருணை பெருத்துக்கொண்டே போகும். இது அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்த பாடம். குடுவையில் கலவையை ஊற்ற அரை நிமிஷம் ஆகும். அதனால் ஊற்றும் நேரத்தை அவள் ஒருநாளும் குறித்ததில்லை. தொட்டிக்கு எழுதும்போது, செல்கள் அதிர்ந்துபோகக் கூடாதென்று பம்ப்பை மெதுவாக ஓட்டச் சொன்னாள். பத்து லிட்டர் கலவை அந்த வேகத்தில் ஓடி முடிய எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை போடும் வகுத்தல் கணக்கு.

முதல் சொட்டுக்கு வயது பத்து நிமிஷம். கடைசிச் சொட்டுக்கு ஐம்பத்தொன்று.

அந்த நாற்பத்தொரு நிமிஷத்துக்கு அவளுடைய பதிவேட்டில் ஒரு கட்டம்கூட இல்லை.

மேல்கோட்டை மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். ஒரு சின்னக் குழாயில் அதே கலவையைச் சேர்த்து, ஒளியை வைத்துக் குருணையை அளக்கும் கருவியில் வைத்தாள். பத்தாவது நிமிஷத்தில் முந்நூறு நானோமீட்டர். இருபதில் நானூற்று எழுபது. முப்பத்தைந்தில் எண்ணூறு. ஐம்பத்தொன்றில் ஆயிரத்து நூறைத் தாண்டியது. செல்லுக்கு அவ்வளவு பெரிய வாய் கிடையாது.

தாளை அச்செடுத்துத் தேதி போட்டாள். சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. முதலில் தன் மேல். பிறகு, "இருக்கலாம்" என்ற சொல்லின் மேல்.

உடை மாற்றும் அறையில் கடிகாரம் தனியாக இருந்தாள். தொப்பியும் முகமூடியும் அழுத்திய தடம் நெற்றியிலும் கன்னத்திலும் சிவந்து கிடந்தது.

"பத்து நாப்பத்தஞ்சுன்னு ஏன் எழுதின?"

கடிகாரம் பழக்கதோஷத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் இல்லை.

"என்கிட்டயா கேக்கறீங்க அண்ணி?"

"வேற யாரு இருக்கா இங்க."

"எட்டு மாசமாச்சு. சட்டுனு பிடிபடல." அவள் கையுறையை உருவிக் குப்பைக்கூடையில் போட்டாள். "எந்த மெஷின் நின்னாலும் நான் நேரம் எழுதுவேன். அது எனக்கு ஒரு வியாதி. அதுக்குக் கட்டம் இல்ல. ஓரத்துல எழுதினேன்."

"வேகத்தைக் கூட்டலாம்னு தோணலையா?"

"தோணுச்சு. நீங்கதானே யோசிக்கக் கூடாதுன்னீங்க."

கடிகாரம் மற்றக் கையுறையையும் உருவினாள்.

"அன்னிக்கு நான் என்ன கேட்டேன்னு ஞாபகம் இருக்கா அண்ணி?"

டாக்டரம்மாவுக்குத் தன் பதில் ஞாபகம் இருந்தது. கேள்வி இல்லை.

"'இது பூரா ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆகும்'னு கேட்டேன்."

டாக்டரம்மா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். "மன்னிப்புக் கேட்டா வாங்கிப்பியா?" என்றாள்.

"இப்ப வேணாம். நாலு மணிக்கு உள்ள என்ன சொல்றீங்கன்னு பார்த்துட்டு வாங்கிக்கறேன்."

நாலு மணிக்குப் பிரிவுத் தலைவரின் அறையில் அவரும் தரப் பிரிவு அதிகாரியும் இருந்தார்கள். கடிகாரத்துக்குக் கதவோரம் ஒரு நாற்காலி. டாக்டரம்மா ஒரு தாளை மேஜைமேல் வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சு சார். ஆனா இது வேற அறிக்கை."

அவர் படித்தார். காரணம்: செய்முறையில் பிழை. பம்ப் ஓடும் நேரம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. செய்முறையை எழுதியவர்: நான். கூடவே, குருணை அளவுகளின் அச்சுத் தாள்.

"உங்களுக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். இவளை அனுப்பிட்டு அஞ்சாவது பேட்ச் போடுவீங்க. அதுவும் காலியா வரும். அப்ப அந்த ஆபரேட்டரையும் அனுப்புவீங்களா? ஆபரேட்டர் தீர்ந்து போனதும் யாரை அனுப்புவீங்க?"

தரப் பிரிவு அதிகாரி தொண்டையைச் செருமினார். "பதிவேட்டு ஓரத்துல எழுதறது விதிமீறல்தான் மேடம்."

"ஆமா. முப்பத்தொண்ணாம் பக்கத்துல உருப்படியான வரி அது ஒண்ணுதான். அதைத்தான் சிவப்புல சுழிச்சு வெச்சிருக்கீங்க."

கதவோர நாற்காலி லேசாக அசைந்தது.

பிரிவுத் தலைவர் தாளைத் திருப்பி வைத்தார். கோபப்படவில்லை. அதுதான் அவருடைய பலம்.

"சரி. அப்ப அந்த முதல் மூணு பேட்ச்? அதே பம்ப். அதே இருநூத்தைம்பது. பதிவேட்டுல எழுதியிருக்கு. உங்க கணக்குப்படி அதுவும் கெட்டிருக்கணும். எப்படித் தேறுச்சு?"

மத்தியானத்திலிருந்து டாக்டரம்மாவை அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது.

"தெரியலை."

"தெரியலைன்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

"கொடுப்பேன். தெரியாததைத் தெரியலைன்னு எழுதத்தான் என்னை வேலைக்கு வெச்சீங்க. தெரியாததை இவ தலையில எழுதறதுக்கு இல்ல."

"நாளைக்குக் காலைல பத்து மணி. பதிலோட வாங்க. இல்லைன்னா முதல் அறிக்கைதான் போகும். உங்க கையெழுத்து இல்லாமலும் போகும்."

பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். வேறு இடம் காலியாக இருந்தது.

அந்தப் பம்ப் பழைய காலத்துத் திருகு வைத்தது. எந்த வேகத்தில் ஓடியது என்று அதற்கு ஞாபகம் இருக்காது. பதிவேட்டில் இருப்பது கையால் எழுதியதுதான். அந்த மூன்று பேட்ச்சுக்கும் அதை எழுதியது யார் என்று இருவருக்கும் தெரியும்.

ஐந்தாவது நிறுத்தத்தில் கடிகாரம் சொன்னாள்: "பத்து மணிவாக்குல பம்ப் போட்டா, நிக்கறதுக்குப் பத்தே முக்கால் ஆகும்."

"ஆமா."

"எங்கப்பா முப்பது வருஷத்துல ஒரு நாள்கூடப் பத்தரை டீயைத் தவற விட்டதில்ல அண்ணி."

வீட்டுக்குள் நுழையும்போது மாமனார் கூடத்தில்தான் இருந்தார். மகளும் மருமகளும் சேர்ந்து வருவதைப் பார்த்தார். காதுக் கருவி பைக்கு இறங்கியது.

கடிகாரம் அவர் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் பையிலிருந்து கருவியை எடுத்து நீட்டினாள்.

"போட்டுக்கோங்கப்பா."

போட்டுக்கொண்டார்.

"முதல் மூணு பேட்ச்சுல பம்ப்பை என்ன வேகத்துல ஓட்டினீங்க?"

"எழுதியிருக்கிற வேகம்தான்."

"மாமா" என்றாள் டாக்டரம்மா. "பத்தரை டீ."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்தார். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்து, கிளம்பாமல், விட்டுவிட்டுப் போனார்கள்.

"திருகைக் கடைசி வரைக்கும் திருப்பிடுவேன்" என்றார். "பன்னெண்டு நிமிஷத்துல ஓடி முடிஞ்சிடும். டீக்காகன்னு நினைக்காதம்மா. டீக்காகவும்தான். ஆனா அந்தக் கலவை நிக்க நிக்க வெளுத்துப் பால் மாதிரி ஆச்சு. எனக்கு அது பிடிக்கல."

"அப்புறம் ஏன் பதிவேட்டுல இருநூத்தைம்பதுன்னு எழுதினீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

"சொன்னா நீ எழுதினது தப்புன்னு ஆயிடும். மருமக பேருல தப்பு வர வேணாம்னு நினைச்சேன்."

"அதனால பொண்ணு பேருல வந்துச்சு" என்றாள் கடிகாரம்.

அவர் மகளைப் பார்க்கவில்லை.

"பத்து மணிக்கு நான் பதில் கொண்டு போகணும்" என்றாள் டாக்டரம்மா. "எழுதிக் கொடுங்க மாமா."

"முப்பது வருஷம் சேர்த்த பேரும்மா. ஒரு தாள்ல போயிடும்."

"என் பேரு சாயங்காலம் நாலு மணிக்கே போயாச்சு. துணைக்கு நான் இருக்கேன்."

அந்த நேரத்தில்தான் லிஃப்ட்காரர் உள்ளே வந்தார். மனைவியும் தங்கையும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கையிலிருந்த கருவிப் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்ன, நான் இறங்கிக்கலாமா?" என்றார்.

"தாளும் பேனாவும் எடுத்துட்டு வாங்க" என்றாள் மனைவி.

மாமனார் எழுத ஆரம்பித்தார். பதிவேடு எழுதிப் பழகிய கை. அடித்தல் திருத்தல் இல்லாமல் நேராக ஓடியது. ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கத்துக்குப் போனார். அவர் கையெழுத்துப் போட்டதும் கடிகாரம் பேனாவை வாங்கி, தாளின் ஓரத்தில் எழுதினாள்: மாலை 6.52.

பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"அந்த மன்னிப்பை இப்ப கேக்கலாம் அண்ணி."

டாக்டரம்மா கேட்டாள். என்ன சொல்லிக் கேட்டாள் என்பது எனக்குத் தெரியாது. இதில் மட்டும் நாலு பேரும் ஒரே மாதிரி மௌனம் சாதிக்கிறார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் யார் யார் என்ன ஆனார்கள் என்று சொல்லிவிடுகிறேன். கடிகாரத்தின் வேலை போகவில்லை. முப்பத்தொன்றாம் பக்கத்தில் "பம்ப் நின்ற நேரம்" என்று புதிதாக ஒரு கட்டம் வந்தது. பதிவேட்டில் எழுதிய வேகம் பொய் என்றானதால், முதல் மூன்று பேட்ச்சும் உறைபெட்டியில் மஞ்சள் அட்டை கட்டி ஒதுக்கி வைக்கப்பட்டன. நல்லவேளையாக, அவை இன்னும் எந்த நோயாளிக்கும் போய்ச் சேரவில்லை. டாக்டரம்மாவிடமிருந்து திட்டத்தைப் பிடுங்கி, நூலகத்தை ஒட்டிய ஒரு சின்ன அறையைக் கொடுத்தார்கள். அவள் அங்கே உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, செய்முறையை முதல் வரியிலிருந்து திருத்தி எழுதுகிறாள். மத்தியானத்தில் நாத்தனார் டப்பாவோடு வந்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேட்கிறாள். பிரிவுத் தலைவர் அதே அறையில், அதே நாற்காலியில் இருக்கிறார். லிஃப்ட்காரர் வீட்டில் இப்போது பேச வாய்ப்பே கிடைப்பதில்லை என்று குறைப்படுகிறார்.

மாமனார் எழுதிக் கொடுத்த தாளின் இரண்டாம் பக்கத்தில், யாரும் கேட்காத ஒரு வரி இருந்தது. திருகைத் திருப்பியதை முதல் பேட்ச் அன்றே மேலிடத்தில் ஒருவரிடம் சொன்னதாகவும், பதிவேட்டில் பழைய எண்ணையே எழுதச் சொன்னது அவர்தான் என்றும் எழுதியிருந்தார். பெயர் எழுதவில்லை. யார் என்று கேட்டால் காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார்.